எதிர் வரப்பின் மேல் கண்

விசுவாச மார்க்கத்தில் கால் வைக்கிறவர்கள் பலராயிருக்க, முடிவுபரியந்தம் அதில் நிலைத்து நிற்கிறவர்கள் சிலராகவே இருப்பதன் காரணம் என்ன என்னும் கேள்வியை என் உள்ளத்தில் எழுப்பியவர்கள், காவேரிப் படுகையின் கீழ்க்கோடியில், கடற்காற்று வந்து எட்டும் தூரத்தில் இருந்த எங்கள் ஊரில் நான் சிறுவயது முதல் கண்டு பழகிய மனிதர்களே. வறுமையாலும் நோயாலும் விசுவாசத்தை விட்டவர்களை நான் அங்கே அபூர்வமாகவே கண்டேன். பூரணத்தைப் பற்றி அவரவர் மனத்தில் கொண்டிருந்த எண்ணம் சிலரை நடுவழியில் உட்கார வைத்தது. அதே பூரணத்தின் மீது கொண்ட ஆசை வேறு சிலரைக் கிழப்பருவம் வரையில் சோர்வறியாமல் நடத்திச் சென்றது. ஒரே ஆசை ஒருவரைத் தளர்த்தவும் மற்றொருவரைத் தாங்கவும் எவ்வாறு கூடும் என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு வெகுகாலம் பிடித்தது. விளங்க வைத்தவர் என் தாத்தா.

தாத்தா, செம்பனார்கோயிலுக்கும் பொறையாற்றுக்கும் இடைப்பட்ட அந்தச் சிற்றூரில் லுத்தரன் சபையின் உபதேசியாராக இருந்தார். போதகர் பல ஊர்களுக்குப் பொதுவானவர். ஆகையால் பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை நடத்துவதும், பிள்ளைகளுக்கு லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தை மனப்பாடம் செய்விப்பதும், நோயாளியின் கட்டிலருகே ஜெபிப்பதும், சாவு வீட்டில் நள்ளிரவு வரை ஞானப்பாட்டுப் பாடி ஆறுதல் சொல்வதும் அவர் பொறுப்பாகவே இருந்தன. சம்பளம் சொற்பம். குத்தகைக்கு எடுத்த கொஞ்சம் நிலத்தில் தாமே ஏர் பிடித்துச் சம்பா சாகுபடி செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். உபதேசியார் உத்தியோகம் அந்த வட்டாரத்தில் மிகப் பழமையானது. 1706ஆம் ஆண்டு ஜூலை மாதம் சீகன்பால்கு என்னும் மிஷனரி தரங்கம்பாடியில் கரையிறங்கிய பிறகு, அங்கே உருவான சபையின் முதல் தமிழ்க் குருவாக 1733இல் அபிஷேகம் பெற்ற ஆரோன் ஐயர், மாயவரத்துப் பக்கத்துக் கிராமங்களில் அலைந்து ஊழியம் செய்து 1745இல் மறைந்தார். தஞ்சை அரசரின் சேனையில் சேவகம் செய்த இராஜநாயக்கன், தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷப் புத்தகத்தை வாசித்து, சேவகத்தை விட்டு உபதேசியாராகி, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அதிலேயே நிலைத்திருந்து 1771இல் காலமானார். இவர்களைப் பற்றித் தாத்தா, அடுத்த தெருப் பெரியவர்களைப் பற்றிப் பேசுகிற உரிமையோடு பேசுவார். அவர்களுடைய அற்புதங்களைவிட, அவர்கள் விடாமல் செய்ததே அவருக்குப் பெரிதாகப்பட்டது.

அவரிடம் நான் ஏர் பிடிக்கக் கற்றுக்கொண்டது ஒரு சித்திரை மாதத்தில். கோடை மழை ஒன்று பெய்து மண் இளகியிருந்தது. முதல் சால் நேராக விழுந்தால்தான் அடுத்தடுத்த சால்கள் அதை ஒட்டி நேராக அமையும் என்பது உழவர் அறிந்தது. ஆனால் மேழியைப் பிடித்திருக்கும் சிறுவனின் கண், கொழு மண்ணைக் கீறிப்போகும் இடத்திலேயே லயித்துவிடுவதும் இயல்பு. "மாட்டையும் பாக்காதே, கொழுவையும் பாக்காதே தம்பி, எதிர் வரப்பைப் பாரு, கை தானா நேரே போவும்" என்றார் தாத்தா. அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பின் குடும்ப ஜெபத்தில், கலப்பையில் கை வைத்துப் பின்னிட்டுப் பார்க்கிறவனைப் பற்றி இயேசுநாதர் சொன்ன பகுதியை அவர் வாசித்து விளக்கினார். பின்னால் பார்க்கிறவர்களில் இரண்டு வகை உண்டு என்றும், உழுத சால் நேராக இருக்கிறதென்று பெருமிதத்தோடு பார்ப்பவன் ஒருவன், கோணிவிட்டதே என்று துக்கத்தோடு பார்ப்பவன் மற்றொருவன் என்றும், இரண்டு பேருடைய அடுத்த சாலும் கோணித்தான் போகும் என்றும் அவர் கூறியது என் நினைவில் நிலைத்துவிட்டது. அந்த இரண்டு வகை மனிதர்களையும் பின்னர் எங்கள் சபையிலேயே நான் சந்தித்தேன்.

முதலாமவர் ஒரு வாலிபர். எங்கோ நடந்த எழுப்புதல் கூட்டத்துக்குப் போய்வந்தவர், தம்முடைய பாவ சுபாவம் வேரோடு களையப்பட்டுவிட்டதாகவும், இனித் தம்மால் பாவம் செய்யக் கூடாதென்றும் சபையின் நடுவே எழுந்து நின்று சாட்சி சொன்னார். அவருடைய கண்ணீரும் ஆனந்தமும் மெய்யானவை. அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. ஆனால் அடைய வேண்டியதை அடைந்தாயிற்று என்ற எண்ணம் ஏற்பட்ட மாத்திரத்தில், தேடுவதற்கு ஒன்றும் இல்லாமற்போயிற்று. ஜெபக்கூட்டத்தில் மற்றவர்களுடைய குறைகள் அவர் கண்ணில் பெரிதாகத் தோன்றின; உபதேசியாரின் பிரசங்கம் உப்பில்லாததாகப்பட்டது. பின்னர் ஒரு நாள், வீட்டாரோடு நேர்ந்த பாகத் தகராறில் கோபம் தலைக்கேறி, தம் அண்ணன்மேல் கை வைத்துவிட்டார். வெறும் மனிதன் செய்யும் குற்றமாக அதை அவர் ஏற்றுக்கொண்டிருந்தால் அழுது மன்னிப்புக் கேட்டுத் திரும்பியிருக்கலாம். பூரணனாகத் தம்மை எண்ணியிருந்தவருக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. தமக்குக் கிடைத்ததெல்லாம் பொய் என்ற முடிவுக்கு வந்து, அவர் கோயில் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார்.

மற்றவர் எங்கள் உறவில் ஓர் அத்தை. அவரைவிடப் பயபக்தியுள்ள ஸ்திரீயை நான் கண்டதில்லை. ஆனால் இராப்போஜனப் பந்திக்கு அழைக்கும்போதெல்லாம் அவர் எழுந்து போகாமல் பாயிலேயே தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார். தம் மனம் இன்னும் சுத்தமாகவில்லை, அது சுத்தமான பிறகே பாத்திரத்தில் வாய் வைப்பேன் என்பது அவர் தீர்மானம். அந்த நாள் வரவேயில்லை. தினந்தோறும் தம்மைத் தாமே நியாயந்தீர்த்துத் தண்டித்துக்கொண்டிருந்த அவருக்கு நாளடைவில் ஜெபிக்கவும் அச்சம் வந்தது; வேதம் வாசித்தால் சாபங்கள் மாத்திரமே கண்ணில் பட்டன. உலகத்தார் பார்வையில் வாலிபரும் அத்தையும் இரு துருவங்கள். தாத்தா மாத்திரம் இருவருக்கும் ஒரே வியாதி என்றார். இருவருடைய கண்ணும் தம்மீதே இருந்தது. ஒருவர் தம்மைக் கண்டு மகிழ்ந்தார், மற்றவர் தம்மைக் கண்டு நடுங்கினார். கர்த்தரைப் பார்க்க இருவருக்கும் அவகாசமில்லை.

தாத்தா அத்தையிடம் தர்க்கம் செய்யவில்லை. சாயங்கால வேளைகளில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பவுல் அப்போஸ்தலன் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தை மெள்ள மெள்ள வாசித்துக் காட்டினார். விலங்கிட்ட கையோடு, முதிர்ந்த பிராயத்தில் அதை எழுதிய மனிதர், தாம் இன்னும் பூரணத்தை எட்டவில்லை என்பதை முதலில் ஒளிக்காமல் சொல்லிவிட்டு, அதன் பிறகே இலக்கை நோக்கி ஓடுவதைப் பற்றிப் பேசுகிறார் என்பதைச் சுட்டிக்காட்டினார். எட்டவில்லை என்பது ஓட்டத்தை நிறுத்துவதற்குக் காரணமாகாது. எட்டாதவன்தானே ஓட வேண்டும்! தன்னைத் தகுதியுள்ளவளாக்கிக்கொண்ட பிறகு பந்திக்கு வருவேன் என்பது, நோய் தீர்ந்த பிறகு வைத்தியரிடம் போவேன் என்பதற்குச் சமானம் என்றார். ஞானஸ்நானத்தைப் பற்றி லுத்தர் கற்பித்ததும் இதுவே: பழைய மனிதன் தினந்தோறும் சாகவும், புதிய மனிதன் தினந்தோறும் எழும்பவும் வேண்டும், அது ஒரே நாளில் முடிந்துபோகிற காரியமன்று. பல மாதங்களுக்குப் பிறகு வந்த ஒரு பெரிய வெள்ளிக்கிழமையில் அத்தை எழுந்து பந்திக்குப் போனார். கடைசி வரையில் போய்க்கொண்டிருந்தார். அந்த வாலிபரையும் தாத்தா தேடிப் போனார். அவர் மனம் திரும்பியதை மட்டும் தாத்தா தம் ஆயுளில் காணவில்லை.

தாத்தாவுக்கு ஒரு சிநேகிதர் உண்டு. மன்னார்குடியில் வெஸ்லியன் மிஷனார் நடத்திய பள்ளியில் உபாத்தியாயராக இருந்து ஓய்வு பெற்றவர். விடுமுறை நாட்களில் தம் மகள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் வாய்க்கால் கரையில் இரண்டு பேரும் உட்கார்ந்து, இருட்டும்வரையில் இந்தப் பூரணத்தைப் பற்றியே வாதாடுவார்கள். பூமியில் இருக்கும்போதே அன்பில் பூரணப்பட முடியும் என்பது ஜான் வெஸ்லியின் உபதேசம். கிறிஸ்தவன் சாகுமட்டும் நீதிமானும் பாவியுமாகவே இருக்கிறான் என்பது லுத்தரின் உபதேசம். உபாத்தியாயர் தம் பக்கத்தை நியாயமாகவே எடுத்துரைப்பார்: வெஸ்லி சொன்ன பூரணம் அறியாமையும் தவறுதலும் பலவீனமும் இல்லாத நிலையன்று, கடவுளையும் பிறனையும் முழு இருதயத்தோடு நேசிப்பதே அது, அதை நோக்கி வளராத விசுவாசம் உறங்கிப்போகும். தாத்தா அதற்குத் தலையசைத்து, வளர வேண்டியது உண்மைதான், வளர்ந்துவிட்டேனா என்று அடிக்கடி அளந்து பார்ப்பதில்தான் ஆபத்து என்பார்.

அந்த உபாத்தியாயர் சொல்லித்தான் ஒரு வியப்பான சரித்திரத்தை நான் அறிந்தேன். தரங்கம்பாடி மிஷனரிமார் எழுதியனுப்பிய செய்திகள் ஆங்கிலத்தில் அச்சாகி, எப்வொர்த் என்னும் ஊரில் ஒரு குருவானவரின் வீட்டை எட்டின. அவருடைய மனைவி சுசன்னா வெஸ்லி அவற்றை வாசித்து மனம் உருகினார். தாம் அவர்களைப் போலக் கடல் கடந்து போகக்கூடாதவராயினும், தம் வீட்டில் உள்ள ஆத்துமாக்களுக்காவது அதிகம் செய்யலாமே என்று எண்ணி, பிள்ளைகள் ஒவ்வொருவருடனும் வாரத்தில் ஒரு மாலை தனியே உட்கார்ந்து ஞான காரியங்களைப் பேசுவதென்று ஏற்பாடு செய்துகொண்டார். அதைப் பற்றி அவர் தம் கணவருக்கு எழுதியது 1712இல். வியாழக்கிழமை மாலை, எட்டு வயதுச் சிறுவனாயிருந்த ஜானுக்கு உரியது. எங்கள் ஊரிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் உள்ள தரங்கம்பாடியில் ஏற்றிய விளக்கின் வெளிச்சம் இங்கிலாந்துக்குப் போய், ஒரு தாயின் கையால் ஒரு பிள்ளைக்குள் ஏறி, பின்னொரு நூற்றாண்டில் மன்னார்குடிக்கே திரும்பிவந்தது என்று உபாத்தியாயர் சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும். சீகன்பால்கு இதில் ஒன்றையும் அறிய மாட்டார். 1718இல் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டி முடித்து, மறு ஆண்டிலேயே, 36 வயதில், பழைய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பை ரூத்தின் புஸ்தகம் வரையில் கொண்டுவந்த நிலையில் அவர் இறந்துபோனார். முடியாத வேலையோடு மரித்தவர்களைத் தோற்றவர்கள் என்று எண்ணும் பழக்கம் அன்றோடு என்னை விட்டு நீங்கியது.

எங்கள் வீட்டில் இருந்த வேதாகமம் பப்ரிசியஸ் ஐயரின் மொழிபெயர்ப்பு; வேறு திருத்தங்கள் வந்த பிறகும் லுத்தரன் குடும்பங்கள் அதை விடவில்லை. 1740இல் தரங்கம்பாடிக்கு வந்து பின்னர் சென்னைக்குச் சென்ற அவர், முன்னோர் செய்திருந்த மொழிபெயர்ப்பைத் திருத்த உட்கார்ந்து, ஆண்டுக்கணக்காக அதே வேலையாய் இருந்தார். எழுதியதைத் தமிழர் பலர் கேட்க வாசித்துக்காட்டி, அவர்கள் காட்டிய குறைகளைக் களைந்து, மறுபடியும் எழுதினார். புதிய ஏற்பாடு வேப்பேரியில் அச்சாகி வெளிவந்தது 1772இல். அவர் இந்தியாவுக்கு வந்து அதற்குள் முப்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. தாம் செய்ததில் திருப்தி கொண்டிருந்தால் எப்போதோ நிறுத்தியிருப்பார். தம்மால் ஆகாதென்று மனம் ஒடிந்திருந்தாலும் நிறுத்தியிருப்பார். அப்படிப்பட்டவரின் கடைசிக்காலம் துக்ககரமானது. பணக் காரியங்களில் சாமர்த்தியமற்ற அவர் கடனில் சிக்கிச் சிறைவாசமும் அனுபவித்து, வெஸ்லி மறைந்த அதே 1791ஆம் ஆண்டில் மறைந்தார். வசனத்தில் ஒரு குறையும் தங்கக்கூடாதென்று பாடுபட்டவரின் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய குறை நேர்ந்ததை எண்ணி நான் கலங்கியபோது தாத்தா, "குறையில்லாத மனுஷனாலதான் நல்ல வேலை நடக்கணும்னா, ஆண்டவருக்கு ஒரு ஆளும் கிடைக்க மாட்டான் தம்பி" என்றார்.

ஒரு முறை அவர் என்னைத் தஞ்சாவூருக்கு அழைத்துக்கொண்டு போனார். சிவகங்கைக் குளத்தருகே உள்ள, 1779இல் எழும்பிய சுவார்ட்ஸ் ஐயரின் கோயிலில், பிளாக்ஸ்மன் என்னும் ஆங்கிலச் சிற்பி செதுக்கிய சலவைக்கல்லின் முன் நெடுநேரம் நின்றோம். மரணப் படுக்கையில் கிடக்கும் முதியவரின் கையைச் சரபோஜி மன்னர் பற்றிக்கொண்டு நிற்கிறார். 1750இல் இந்தியாவுக்கு வந்து, நாற்பத்தேழு ஆண்டுகளுக்கு மேல் தாய்நாட்டுக்குத் திரும்பாமலே உழைத்து, 1798 பிப்ரவரியில் தஞ்சையில் மரித்தவர் சுவார்ட்ஸ். ஹைதர் அலியின் படையெடுப்பால் கோட்டை பட்டினியில் வாடியபோது, கூலியும் விலையும் கிடைக்குமென்று அதிகாரிகள் கொடுத்த வாக்கை நம்ப மறுத்த குடியானவர்கள், இந்த ஐயர் பொறுப்பேற்கிறார் என்றதும் மாடுகளோடும் தானியத்தோடும் வந்தார்கள். இவ்வளவு நம்பிக்கைக்குப் பாத்திரரானவர், தாம் பிள்ளையாக வளர்த்த சரபோஜி தம் விசுவாசத்துக்குள் வரக் காணவில்லை. மன்னர் தம் முன்னோரின் சமயத்திலேயே இருந்தார். ஆயினும் தம் குருவை மறக்காமல் அந்தச் சலவைக்கல்லை வரவழைத்து நிறுத்தினார். விரும்பிய பலனையே விசுவாசத்துக்கு அளவுகோலாகக் கொள்கிறவன், அத்தனை ஆண்டுகள் ஓரிடத்தில் நின்று உழைத்திருக்க மாட்டான். சுவார்ட்ஸின் கண் பலனுக்கும் அப்பால் இருந்தது.

அந்தக் கோயில் வாசலில்தான் தாத்தா, தம் மனத்தில் இருந்த முள்ளைப் பற்றியும் சொன்னார். சுவார்ட்ஸ் அழைத்துவந்து வளர்த்த வேதநாயகம் சாஸ்திரியாரின் பாடல்களைத் தாத்தா உயிராக நேசித்தார். பெத்லகேம் குறவஞ்சியைக் கதாகாலட்சேபமாகக் கேட்க எத்தனை காதமும் நடப்பார். ஆனால் அதே சாஸ்திரியார், சபைக்குள் சாதி வழக்கம் இருக்கலாமென்று 1829இல் வாதாடி எழுதினார். கல்கத்தாவின் அத்தியட்சர் வில்சன் 1833இல் அந்த வழக்கத்தை ஒழிக்கக் கட்டளையிட்டபோது தஞ்சைச் சபையில் பெரும் பிளவே ஏற்பட்டது. எங்கள் முன்னோர், ஒரே தேவாலயத்துக்குள் ஒதுக்கப்பட்ட பக்கத்தில் உட்கார்ந்தவர்கள். "அந்தப் பக்கத்திலே உக்காந்துகிட்டுத்தான் எங்க பாட்டனார் சாஸ்திரியாரோட பாட்டை மனப்பாடம் பண்ணினாரு" என்றார் தாத்தா. அவமானத்தைப் பொறுத்துக்கொள்வது புண்ணியம் என்று அவர் கருதவில்லை. இராப்போஜனத்தில் யாருக்கும் தனிப்பாத்திரமோ தனிவரிசையோ கூடாதென்று தம் ஊழியக்காலம் முழுதும் விட்டுக்கொடுக்காமல் நின்றார். சபை குறையுள்ளதாக இருக்கிறதென்று அதைத் துறக்கவும் இல்லை, குறையைக் குறையன்று என்று சாதிக்கவும் இல்லை. சபையைத் திருத்துகிற உரிமை, அதில் நிலைத்திருக்கிறவனுக்கே முழுதும் உண்டு என்பது அவர் நம்பிக்கை.

அந்த நிலைபேற்றை நான் கண்ணாரக் கண்டது 1952 நவம்பர் இறுதியில் அடித்த புயலின்போது. நாகப்பட்டினத்துப் பக்கம் கரை கடந்த அந்தக் காற்று தென்னந்தோப்புகளைச் சாய்த்து, கூரைகளை வாரிக்கொண்டு போயிற்று. தொண்டைக்கதிர்ப் பருவத்துச் சம்பா வெள்ளத்தில் மூழ்கிற்று. எங்கள் ஜெபக்கூடத்துக்குச் சுவர் மாத்திரம் மிஞ்சியது. தாத்தா வழக்கமான நேரத்தில் மணியை அடித்தார். பிரசங்கத்தில், இந்தச் சேதம் ஏன் வந்தது என்று விளக்க அவர் முயலவில்லை. அட்வெந்து காலம் பிறந்துவிட்டது, வருகிறவரை எதிர்பார்க்க வேண்டிய காலம் இது என்று தொடங்கி, ஈரத்தில் ஊறிய வேதாகமத்திலிருந்து அன்றைக்குக் குறித்திருந்த பாடத்தையே வாசித்தார். ஆராதனை முடிந்ததும் ஆண்களையெல்லாம் அழைத்துக்கொண்டு, சபையாரென்றும் புறமதத்தாரென்றும் பாராமல், வீடு விழுந்தவர்களின் சுவரை எழுப்பப் புறப்பட்டார்.

இன்று அவர் வயதை நானும் நெருங்கிவிட்டேன். விடாமுயற்சியைப் பற்றி வாலிபர்கள் என்னிடம் கேட்கும்போது, மன உறுதியைப் பற்றி நான் அதிகம் பேசுவதில்லை; மன உறுதி மிகுந்தவர்கள் விழக் கண்டிருக்கிறேன், நடுங்குகிறவர்கள் நிலைக்கக் கண்டிருக்கிறேன். உன் கண் எதன்மேல் இருக்கிறது என்றே கேட்கிறேன். பூரணத்தைக் கைவசமான சொத்தாக எண்ணுகிறவனுக்கு அது அகந்தையாகும்; கட்ட முடியாத கடனாக எண்ணுகிறவனுக்கு அது பாரமாகும்; தன்னை முந்தி நேசித்த ஒருவருடைய அழைப்பாக அதைக் கேட்கிறவனுக்கோ, ஒவ்வொரு வீழ்ச்சிக்குப் பின்னும் எழுவதற்கு அதுவே நியாயமாகும். குறையுள்ள மனிதனாக, குறையுள்ள சபையின் நடுவே, குறைவற்றவரை விரும்புவதை ஒரு நாளும் நிறுத்தாமல் இருப்பது நம் சக்திக்கு உட்பட்டதே; இலக்கைச் சேர்ப்பிப்பது அழைத்தவரின் பொறுப்பு.